6400 டிபிஐ பிளாட்பெட் இருக்க, 4000 டிபிஐ ஃபிலிம் ஸ்கேனர் எதற்கு?

ஜனவரி 9, வாசகர் கேள்வி

35 மி.மீ., 6×7 செ.மீ. பிலிம் இரண்டிலும் கறுப்பு வெள்ளைதான் எடுக்கிறேன். குறுகிய பக்கம் 24 அங்குலம் வரும்படி பெரிய இங்க்ஜெட் பிரிண்ட் போட ஆசை. எப்சன் வி850 பிளாட்பெட் ஸ்கேனரின் பெட்டியிலேயே 6400 டிபிஐ (அங்குலத்துக்கு 6400 புள்ளி) என்று போட்டிருக்கிறது. பிலிமுக்கென்றே செய்த நிகான் கூல்ஸ்கேன் 9000 வெறும் 4000தான். பழசு, தயாரிப்பும் நின்றுவிட்டது. அதைத் தேடி ஏன் அலைகிறார்கள்? எண் பெரிசாக இருந்தால் நல்லதுதானே?

ஜனவரி 9, இரவு

பெட்டியில் இருக்கிற 6400, சென்சார் ஒரு அங்குலத்துக்கு எத்தனை முறை அளவெடுக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. அத்தனை புள்ளியிலும் புதிதாக ஏதாவது விவரம் விழுகிறதா என்பது வேறு கணக்கு. அது லென்ஸ் கையில், ஃபோகஸ் கையில் இருக்கிறது.

யுஎஸ்ஏஎஃப் 1951 என்று ஒரு சோதனைத் தகடு உண்டு. வரவர மெலிந்துகொண்டே போகும் கோடுகள். எதுவரை தனித்தனிக் கோடாகத் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். எப்சனின் வி700, வி850 வரிசையில் 5ஆம் தொகுதியின் 4ஆம் கூறு வரை பிரிந்தால் நல்ல ஸ்கேனர் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது மில்லிமீட்டருக்கு 45.3 கோட்டு இணை (ஒரு கறுப்புக் கோடும் பக்கத்து வெள்ளையும் சேர்ந்தது ஓர் இணை). இணைக்கு இரண்டு புள்ளி, அங்குலத்துக்கு 25.4 மி.மீ. என்று 50.8ஆல் பெருக்கினால் 2300 டிபிஐ. 6400 எங்கே, 2300 எங்கே! கூல்ஸ்கேன் தன் 4000ஐக் கிட்டத்தட்ட முழுசாகவே தந்துவிடுகிறது. அலைவதற்குக் காரணம் இதுதான்.

பிளாட்பெட்டில் 6400 வைத்து ஸ்கேன் செய்தால் கோப்பு மட்டும் வீங்கும். 6×7 ஒரு பிரேம், 16 பிட் கிரேஸ்கேலில் ஏறக்குறைய 490 எம்பி. உள்ளே இருக்கிற விவரம் அதில் எட்டில் ஒரு பங்குக்குத்தான் தேறும்.

ஜனவரி 10

பிரிண்ட் அளவிலிருந்து பின்னோக்கி வந்தால் எளிதாகப் புரியும்.

35 மி.மீ. பிரேம் 24×36 மி.மீ. அதை 24×36 அங்குலத்துக்குக் கொண்டுபோனால் 25.4 மடங்கு. பிளாட்பெட்டின் உண்மையான 2300ஐ 25.4ஆல் வகுத்தால் தாளில் அங்குலத்துக்கு 90 புள்ளி. 4000 என்றால் 157.

6×7இன் குறுகிய பக்கம் 56 மி.மீ. 24 அங்குலத்துக்கு 10.9 மடங்குதான். பிளாட்பெட்டில் 211, கூல்ஸ்கேனில் 367.

4×5 அங்குலத் தாள் பிலிம் என்றால் படம் விழும் பகுதி சுமார் 95 மி.மீ. 6.4 மடங்கு போதும். அதே பிளாட்பெட்டில் 359 வந்துவிடும். அதாவது 4×5ஐப் பிளாட்பெட்டில் போடுவதும் 6×7ஐ நல்ல ஃபிலிம் ஸ்கேனரில் போடுவதும் தாளில் ஏறக்குறைய ஒன்றுதான். "பிளாட்பெட் குப்பை", "பிளாட்பெட் தங்கம்" என்று இரண்டு கட்சியாகச் சண்டை போடுபவர்களிடம் முதலில் எந்த அளவு பிலிம் என்று கேளுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ஜனவரி 10, கொஞ்ச நேரம் கழித்து

"300 இல்லாவிட்டால் பிரிண்டே போடக்கூடாது" என்று கீழே கருத்துப் பகுதியில் ஒருவர். யார் போட்ட சட்டம்? கண் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்று வைத்துக்கொண்டால், கையில் பிடித்துப் பார்க்கிற 25 செ.மீ. தூரத்தில் 350 வேண்டும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 87 போதும். 24×36 அங்குலப் படத்தை யாரும் மூக்கு உரசப் பார்ப்பதில்லை. புகைப்படக்காரர்களைத் தவிர. அவர்கள் மூக்கால்தான் பார்ப்பார்கள்.

ஜனவரி 12

மேலே 90, 157 என்று கணக்கு போட்டதைப் படித்துவிட்டு, 35 மி.மீ.யில் பெரிய பிரிண்டே ஆகாது என்று சிலர் முடிவுகட்டிவிட்டார்கள். நான் சொன்னது அது இல்லை. ட்ரை-எக்ஸ் பிலிமில் கையில் பிடித்து 1/60இல் எடுத்த படத்தில் மில்லிமீட்டருக்கு 80 கோட்டு இணை எங்கே இருக்கப்போகிறது? கை நடுக்கமும் லென்ஸும் ஏற்கெனவே பாதியைச் சாப்பிட்டிருக்கும். அந்தப் படத்துக்கு 8000 டிபிஐ கொடுத்தாலும் கூடுதலாகக் கிடைப்பது கிரெய்னின், அதாவது பிலிமில் இருக்கிற வெள்ளித் துகளின், வடிவம் மட்டுமே.

ஆனால் அந்தக் கிரெய்ன்தான் இங்கே விஷயமே. கறுப்பு வெள்ளையில் பெரிய பிரிண்டைக் கூர்மையாகக் காட்டுவது பெரும்பாலும் கிரெய்னின் கூர்மை. படத்தில் விவரம் சுமாராக இருந்தாலும், கிரெய்ன் விளிம்போடு நின்றால் கண் திருப்தியாகிவிடும். கிரெய்ன் குழைந்து கிடந்தால், என்ன ஷார்ப்பனிங் கொடுத்தாலும் பஞ்சு ஒட்டின மாதிரியே இருக்கும். எண்லார்ஜரில் (நெகட்டிவைத் தாளில் பெரிதாக விழவைக்கும் இருட்டறைக் கருவி) 16×20 போட்டுப் பழகியவர்கள் பிளாட்பெட் பிரிண்டைப் பார்த்து முகம் சுளிப்பது இதனால்தான். அவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஜனவரி 13

கிரெய்ன் பற்றிப் பேச்சு வந்ததால் ஒளியைப் பற்றி.

வெள்ளித் துகள் ஒளியைச் சிதறடிக்கும். ஒரே நெகட்டிவ், நேராக வரும் குறுகலான ஒளியில் கான்ட்ராஸ்ட் கூடிக் காட்டும். எல்லாப் பக்கத்திலிருந்தும் பரவி வரும் ஒளியில் மென்மையாகக் காட்டும். காலியர் விளைவு என்று இதற்குப் பெயர்; 1909இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். நேர் ஒளி தரும் கண்டென்சர் எண்லார்ஜருக்கும் பரவல் ஒளி தரும் டிஃப்யூஷன் எண்லார்ஜருக்கும் இருக்கிற அதே வித்தியாசம்தான் ஸ்கேனர்களிலும்.

கூல்ஸ்கேனின் எல்இடி வெளிச்சம் முதல் வகைப் பக்கம் சாயும். கிரெய்ன் முறுக்காக வரும். கூடவே ஒவ்வொரு கீறலும் தூசியும் வரும். பிளாட்பெட்டில் பரவலான ஒளி (வி700இல் குளிர் கேதோடு விளக்கு, வி850இல் எல்இடி). அழுக்கை மன்னிக்கும், கிரெய்னையும் சேர்த்து மன்னித்துவிடும்.

ஜனவரி 13, பின்குறிப்பு

"தூசியைத் தானாக நீக்க ஸ்கேனரிலேயே டிஜிட்டல் ஐஸ் இருக்கே?" இருக்கிறது, ஆனால் உங்களுக்கு உதவாது. அது அகச்சிவப்பில் இன்னொரு முறை ஸ்கேன் செய்து, எது தூசி எது படம் என்று பிரிக்கிறது. கலர் பிலிமில் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி மட்டும் நிழலாக நிற்கும். கறுப்பு வெள்ளையில் இருப்பது உலோக வெள்ளி. அது அகச்சிவப்பையும் மறிக்கிறது. ஆகவே மென்பொருள் படத்தையே தூசி என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும். தெரியாமல் அந்தப் பொத்தானை அழுத்தி வைத்துவிட்டு "முகம் உருகுகிறது" என்று எழுதுபவர்கள் அவ்வப்போது வருவார்கள். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி கலர் பிலிமுக்கான சி-41 ரசாயனத்தில் கழுவுகிற கறுப்பு வெள்ளைக்கு மட்டும் இது வேலை செய்யும், அதில் கடைசியில் நிற்பது சாயம்தான் என்பதால்.

மற்றவர்களுக்கு ஊதுகுமிழும் தூரிகையும், அப்புறம் திரைமுன் உட்கார்ந்து புள்ளி புள்ளியாக எடுக்கிற பொறுமையும்தான் வழி.

ஜனவரி 17

ஸ்கேனருக்கு டிமேக்ஸ் (ஊடுருவிப் பார்க்கக்கூடிய அதிகபட்ச அடர்த்தி) 4.0 வேண்டுமா என்று ஒரு கேள்வி. நெகட்டிவுக்கு வேண்டாம். ஒழுங்காகக் கழுவிய கறுப்பு வெள்ளை நெகட்டிவில் அடர்த்தி 2ஐத் தாண்டுவதே அபூர்வம். அந்த எண் ஸ்லைடு ஸ்கேன் செய்பவர்களின் கவலை. பலமுறை ஓட்டிச் சராசரி எடுக்கிற வசதியும் அப்படியே. நமக்குப் பலன் குறைவு; ஓட்டத்துக்கு ஓட்டம் இம்மி நகர்ந்தால் இருக்கிற கூர்மையும் போய்விடும்.

இன்னொன்று: ஸ்கேனுக்கென்றே நெகட்டிவ் கழுவுபவர்கள் டெவலப் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். தடித்த, அடர்ந்த நெகட்டிவ் ஸ்கேனில் கிரெய்னைக் கூட்டும். மெலிந்தது என்றால் கான்ட்ராஸ்ட்டைக் கணினியில் ஏற்றிக்கொள்ளலாம். நிழல் பகுதிக்கு வேண்டிய எக்ஸ்போஷரை மட்டும் குறைத்துவிடாதீர்கள். பிலிமில் விழாத நிழலை எந்த ஸ்கேனரும் கொண்டுவராது.

ஜனவரி 20

இதுவரை எல்லாரும் இயந்திரத்தைப் பற்றியே பேசுகிறோம். என் அனுபவத்தில் ஸ்கேனுக்கு ஸ்கேன் அதிகம் வித்தியாசம் காட்டியது பிலிம் தட்டையாக இருக்கிறதா என்பதுதான்.

எப்சனில் ஃபோகஸ் நிலையானது. ஹோல்டரின் (பிலிமைப் பிடிக்கும் சட்டம்) கால்களைத் திருப்பி உயரத்தை மாற்றலாம், அவ்வளவுதான். வி700க்கு 2.5, 3, 3.5 மி.மீ. என்று நிலைகள் உண்டு. வாங்கியதும் ஒரே நெகட்டிவை எல்லா நிலையிலும் ஸ்கேன் செய்து, கிரெய்ன் எதில் நன்றாகத் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே ஓட்டிவிட்டு "பிளாட்பெட் என்றால் இப்படித்தான்" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இதைச் செய்ததே இல்லை.

6×7 எடுக்கிற 120 பிலிம் நடுவில் வளையும். கண்ணாடி இல்லாத ஹோல்டரில் ஓரத்தை மட்டும் பிடித்தால் நடுப்பகுதி தொங்கும். ஆட்டோஃபோகஸ் இருக்கிற ஸ்கேனரும் ஏதாவது ஒரு புள்ளிக்குத்தான் ஃபோகஸ் செய்யும். நடுவைக் கொடுத்தால் ஓரம் போகும், ஓரத்தைக் கொடுத்தால் நடு போகும். கூல்ஸ்கேன் 9000க்குக் கண்ணாடி வைத்த ஹோல்டரைத் தனியாகத் தேடி வாங்குகிறார்கள் என்றால் சும்மா இல்லை. பழைய சந்தையில் அந்த ஹோல்டர் இல்லாமல் வருகிற 9000, 6×7காரருக்குப் பாதி ஸ்கேனர்.

கண்ணாடி வைத்தால் அடுத்த தலைவலி நியூட்டன் வளையங்கள், ஸ்கேனில் வட்ட வட்டமாக விழும் கோடுகள். பிலிமின் பளபளப்பான அடிப்பக்கம் மழமழ கண்ணாடியைத் தொடும்போது வரும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் சொரசொரப்பான ஆன்டி-நியூட்டன் கண்ணாடி போதும். படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கம் இயல்பாகவே மங்கல், வளையம் பெரும்பாலும் வராது.

ஜனவரி 20, இரவு

சுருண்ட நெகட்டிவை ஸ்லீவில் போட்டுக் கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாள் வையுங்கள். இலவசமாகக் கிடைக்கும் டிபிஐ இது ஒன்றுதான்.

ஜனவரி 24

கேமராவை வைத்து ஸ்கேன் செய்வது பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். நான் இப்போது 35 மி.மீ.க்குப் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். 24 மெகாபிக்சல் ஃபுல் பிரேம் கேமராவும் நிஜ அளவிலேயே எடுக்கும் 1:1 மேக்ரோ லென்ஸும் இருந்தால் 36 மி.மீ.க்கு 6000 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 4233. 60 மெகாபிக்சல் வகையில் 9504 பிக்சல், 6700ஐத் தாண்டும். ஒரு பிரேமுக்கு ஒரு நொடி. ஃபிலிம் ஸ்கேனர் முனகிக்கொண்டே ஒரு பிரேமை முடிப்பதற்குள் ஒரு ரோலே முடிந்துவிடும்.

இதிலும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. சென்சார்மேல் இருக்கும் நிற வடிகட்டி (பேயர்) கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். 1:1இல் எஃப்/8 வைத்தால் உண்மையில் எஃப்/16 மாதிரி நடந்துகொள்ளும், டிஃப்ராக்ஷன் (சின்னத் துளையில் ஒளி விரிந்து கூர்மை குறைவது) எட்டிப்பார்க்கும். எஃப்/5.6 பக்கம் நிற்பது நல்லது. ஆனால் அங்கே ஆழம் இம்மியளவுதான், சென்சாரும் பிலிமும் இணையாக இல்லாவிட்டால் ஒரு மூலை போய்விடும். பிலிம் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து, கேமரா வழியாகப் பார்த்து, லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் வரும்வரை ஸ்டாண்டைச் சரிசெய்யுங்கள். நீர்மட்டம் வைத்துப் பார்ப்பதைவிட இது துல்லியம்.

எக்ஸ்போஷரில் பிலிமின் வெற்று ஓரம்தான் மிக வெளிச்சமான இடம். அது ஹிஸ்டோகிராமில் வலப்பக்கச் சுவரை முட்டாமல் நெருங்கி நிற்கட்டும். பிரேமைச் சுற்றிக் கறுப்பு அட்டை வைத்து மறையுங்கள், அறை விளக்கை அணையுங்கள். விளக்குப் பலகையின் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற எண்) எவ்வளவு என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், கலர்காரர்கள் கவலைப்படட்டும். பரப்பு முழுக்க ஒரே சீராக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஜனவரி 25

6×7க்கும் அதே வழியா? முடியும். ஆனால் 1:1இல் துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று போதுமான அளவு விழ, 56×70 மி.மீ.க்கு எட்டுத் துண்டு. ஒட்டும் மென்பொருள் பெரும்பாலும் ஒழுங்காகச் செய்யும். வெறும் வானம், பனிமூட்டம், வெள்ளைச் சுவர் என்றால் பிடிமானம் கிடைக்காமல் தடுமாறும். கறுப்பு வெள்ளை எடுக்கிறவர்களுக்குத்தான் வெறும் வானமும் பனிமூட்டமும் ரொம்பப் பிடிக்கும், என்ன செய்வது.

பிப்ரவரி 2

கடையில் கொடுத்து டிரம் ஸ்கேன் செய்துகொள்ளலாமே என்றவருக்கு: செய்யலாம், சுவருக்குப் போகிற படங்களுக்கு அதுதான் என் யோசனையும். டிரம்மில் பிலிமைத் திரவத்தோடு உருளையில் ஒட்டுகிறார்கள், தட்டை என்ற பிரச்சினையே இல்லை. அடிப்பக்கக் கீறலைத் திரவம் நிரப்பிவிடும். ஒளியை வாங்குவது ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய். ஹாசல்பிளாட் ஃப்ளெக்ஸ்டைட் ஸ்கேனரும் நல்லது. பிலிமை வில்லாக வளைத்துப் பிடிப்பதால் கண்ணாடியே தேவைப்படாது. ஆனால் அது 35 மி.மீ.க்குத் தருகிற டிபிஐயைப் பெரிய பிலிமுக்குத் தராது. அதன் எக்ஸ்5 மாடலில் 35 மி.மீ.க்கு 8000, 120க்கு 3200, 4×5க்கு 2040 என்று இறங்கிக்கொண்டே வரும். "ஃப்ளெக்ஸ்டைட்டில் போட்டுத் தருகிறோம்" என்று சொன்னால் உங்கள் பிலிம் அளவுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 6×7க்கு 3200ஐ 10.9ஆல் வகுத்தால் 293, தாராளம்.

கொடுக்கும்போது எழுதியே கொடுங்கள்: 16 பிட், ஷார்ப்பனிங் கூடாது, இரைச்சல் நீக்கம் கூடாது, நிழலும் வெளிச்சமும் வெட்டுப்படக்கூடாது, டிஃப் (TIFF) கோப்பு. ஓரிடத்தில் எனக்கு 8 பிட்டில், ஷார்ப்பனிங் போட்டு, அழகாகக் கான்ட்ராஸ்ட் ஏற்றித் தந்தார்கள். திரையில் பார்க்க ஜோர். வானத்தில் கொஞ்சம் டோன் நகர்த்தியதும் படி படியாக உடைந்தது. கேட்டால் "எல்லாரும் இதைத்தான் விரும்புகிறார்கள்" என்றார்கள். பணம் போனது போனதுதான்.

தட்டையாக, சாம்பல் பூசினது போல வருகிற ஸ்கேன்தான் பெரிய பிரிண்டுக்கு நல்ல மூலம்.

பிப்ரவரி 3

இதோடு தொடர்புள்ள ஒன்று. பிளாட்பெட்டில் 2300தானே உண்மை, 2400இல் ஓட்டினால் போதுமே என்று தோன்றும். அப்படிச் செய்யாமல் 4800இல் ஓட்டிப் பிறகு பாதியாகச் சுருக்குங்கள். குறைந்த டிபிஐயில் நேராக அளவெடுத்தால் புள்ளியும் கிரெய்னும் மோதி, இல்லாத கரடுமுரடு ஒன்று கிளம்பும். அந்தப் பூதத்துக்குப் பெயர் கிரெய்ன் அலியாசிங். ஐஎஸ்ஓ 100 பிலிமில் 400 மாதிரி கிரெய்ன் வந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். வட்டில் இடம் போகிறதே என்றால், சுருக்கின கோப்பை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஆர்ஜிபியில் ஸ்கேன் செய்து பச்சை சேனலை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. சில ஸ்கேனர்களில் மூன்று நிறமும் ஒரே இடத்தில் கூர்மையாக விழாது. ஒருமுறை மூன்று சேனலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள், உங்களுடையது எப்படி என்று தெரிந்துவிடும்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் கூல்ஸ்கேன் 9000 ஒன்றைப் பார்த்துவைத்திருக்கிறாராம், வாங்கலாமா என்கிறார். முன்பு நான் கூல்ஸ்கேன் பக்கம் சாய்ந்து எழுதியதைப் படித்துவிட்டுத்தான் போயிருக்கிறார் போல. இப்போது யோசித்தால், மாதம் ஒன்றிரண்டு பெரிய பிரிண்ட் போடுகிறவருக்கு அது தேவையா என்று சந்தேகம் வருகிறது. அதை இணைக்க ஃபயர்வயர் என்ற பழைய வகை இணைப்பு வேண்டும். புதுக் கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. நிகானின் சொந்த மென்பொருள் காலம் முடிந்தது, வ்யூஸ்கேன் அல்லது சில்வர்ஃபாஸ்ட் என்ற வெளி மென்பொருள் வேண்டும். உதிரிப் பாகம் கிடைப்பது குதிரைக்கொம்பு. உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடியில் தூசி படிந்தால் வெளிச்சமான இடத்தைச் சுற்றி ஒளிவட்டம் வரும், பிரித்துத் துடைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

35 மி.மீ.க்குக் கேமரா, 6×7க்குப் பிளாட்பெட், சுவருக்குத் தேறியதை மட்டும் வெளியே கொடுப்பது. நான் வந்துசேர்ந்த இடம் இது. ஒரு வருடத்தில் அந்த அளவுக்குத் தேறுகிற படம் எத்தனை என்று மனசாட்சியோடு எண்ணிப் பாருங்கள். வாரம் ஒரு ரோல் 120 எடுத்து எல்லாவற்றையும் முழு அளவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறவருக்கு 9000 இன்னமும் பொருந்தும். மறுக்கவில்லை.

பிப்ரவரி 11, மாலை

"எண்லார்ஜர் வாங்கிவிட்டால் ஸ்கேனரே வேண்டாமே" என்று வழக்கமான தோழர் வந்துவிட்டார். வாழ்க. 24×30 அங்குலத் தாளைக் கழுவத் தட்டு எங்கே வைப்பது என்பதையும் அவரே சொல்லட்டும்.

பிப்ரவரி 19

எதையும் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். உங்கள் நெகட்டிவ் ஒன்றை நண்பரின் பிளாட்பெட்டில் ஒரு முறை, வெளியே கொடுத்து நல்ல ஸ்கேன் ஒரு முறை எடுங்கள். இரண்டையும் 24×30 அங்குலத்துக்குப் பெரிதாக்கி, அதிலிருந்து முகமோ இலையோ இருக்கிற ஒரு துண்டை மட்டும் வெட்டி ஏ4 தாளில் பிரிண்ட் போடுங்கள். முழுப் பிரிண்ட் தேவையில்லை. இரண்டுக்கும் அதனதன் தேவைக்கேற்ப ஷார்ப்பனிங் கொடுங்கள். பிளாட்பெட் கோப்பு கூடுதலாகவே கேட்கும், தயங்க வேண்டாம். சுவரில் ஒட்டி ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்.

திரையில் 100 சதவீதத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அங்கே தெரிகிற வித்தியாசத்தில் பெரும்பகுதி தாளில் மை பரவும்போது காணாமல் போகும்.

மார்ச் 3

கேள்வி கேட்டவர் துண்டு பிரிண்ட் போட்டுப் பார்த்தாராம். 6×7இல் ஒன்றரை மீட்டரில் வித்தியாசம் தெரியவில்லை, அரை மீட்டரில் தெரிகிறது, 35 மி.மீ.யில் எங்கே நின்றாலும் தெரிகிறது என்கிறார். வெறும் புள்ளிக் கணக்கு சொல்வதைவிடக் கூடுதலாகவே தெரிந்திருக்கிறது; ஆனால் 6×7ஐவிட 35 மி.மீ.தான் அதிகம் இழக்கும் என்பது ஒத்துப்போகிறது. பழைய வி700 வாங்கப் போகிறார், அதில் என்ன பார்க்க வேண்டும் என்று கேட்கிறார்.

முதலில் கண்ணாடியின் உட்பக்கம். வருடக்கணக்கில் ஓடிய பிளாட்பெட்களில் கீழ்க் கண்ணாடிக்கு உள்ளே மெல்லிய மூட்டம் படியும். டார்ச்சைச் சாய்வாக அடித்தால் தெரியும். அது கான்ட்ராஸ்ட்டைக் குறைக்கும். திருகு கழற்றித் துடைத்தால் போகும். இரண்டாவது, மூடியில் இருக்கிற பிலிம் விளக்கு. பிலிம் இல்லாமல் ஒரு ஸ்கேன் போட்டு, கான்ட்ராஸ்ட்டை உச்சத்துக்கு ஏற்றி, செங்குத்தாகக் கோடு விழுகிறதா பாருங்கள். விழுந்தால் மேலே அளவுதிருத்தப் பகுதியில் தூசி இருக்கும், துடைத்துவிட்டு மறுபடி போடுங்கள். அப்போதும் கோடு நின்றால் வேறு ஸ்கேனர் பாருங்கள். 120 ஹோல்டரும் அதன் கால்கள் எல்லாமும் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்கிறவர்கள் தொலைப்பது எப்போதும் கால்களைத்தான்.